குக் கவுண்டி நீதிமன்றத்தில் ஒரு திருட்டு வழக்கு: விசாவில் இருப்பவரின் பக்கத்திலிருந்து ஒரு மதிப்புரை

சிகாகோ நகரத்தையும் அதைச் சூழ்ந்த புறநகர்கள் பலவற்றையும் உள்ளடக்கிய குக் கவுண்டியில், கடைத்திருட்டுக் குற்றச்சாட்டு ஒன்று பதிவான இரவிலிருந்து அது தள்ளுபடியான காலை வரை, எங்கள் குடும்பத்துக்கு மிக நெருங்கிய ஓர் இளைஞருடன் 15 மாதங்கள் நீதிமன்றத்துக்குப் போய்வந்தேன். அவருடைய பெற்றோர் திருச்சியில் இருக்கிறார்கள். இங்கே அவருக்கு உறவென்று சொல்லிக்கொள்ள இருந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. நீதிமன்றமும் வரிப்பணத்தில் நடக்கும் ஒரு சேவைதான். அதைப் பயன்படுத்த நேர்ந்த நம்மவர்கள் மானத்துக்கு அஞ்சி வெளியே பேசுவதில்லை. ஆகவே அடுத்து மாட்டிக்கொள்கிறவர் ஒவ்வொருவரும் முதல் படியிலிருந்தே இருட்டில் தடவிக்கொண்டு ஏற வேண்டியிருக்கிறது. அந்த இளைஞரின் சம்மதத்தோடு, அவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் குடிமக்களுக்கு இந்த நீதிமன்றம் தரும் இரண்டாவது வாய்ப்பு நேர்மையானது, தாராளமானதும்கூட. ஆனால் விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர் அதே வாய்ப்பை அதே வடிவத்தில் ஏற்றுக்கொண்டால், மாநில நீதிமன்றம் மன்னித்துவிட்ட குற்றத்துக்காக மத்திய அரசு அவரை நாட்டைவிட்டே அனுப்பிவிடலாம்.

நடந்தது என்னவென்றால், வாடிக்கையாளரே பொருள்களை ஸ்கேன் செய்து பணம் கட்டும் இயந்திரத்தில் அவர் சிலவற்றை ஸ்கேன் செய்து, சிலவற்றைச் செய்யாமல் பைக்குள் வைத்திருக்கிறார். செய்தது தவறு என்பதில் எனக்கோ அவருக்கோ இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் அந்தத் தவறுக்குச் சட்டம் சூட்டிய பெயர் எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இல்லினாய் மாநிலத்தில் கடைத்திருட்டுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பொருளின் முழுச் சில்லறை விலை 300 டாலருக்கு உட்பட்டிருந்தால், முதல்முறை பிடிபடுகிறவருக்கு அது ஓராண்டுக்கும் குறைவான சிறையோடு நிற்கும் ‘கிளாஸ் ஏ’ சிறுகுற்றம். 300 டாலரைத் தாண்டிவிட்டால் அது ‘கிளாஸ் 3’ ஃபெலனி, அதாவது 2 முதல் 5 ஆண்டு வரை சிறைக்கோ 30 மாதம் வரை நன்னடத்தைக் கண்காணிப்புக்கோ இடம் தரும் பெருங்குற்றம். ஒரே நாளில் 300 டாலர் ஆக வேண்டும் என்பதுகூட இல்லை. தொடர்ச்சியாகச் செய்யப்பட்டவை என்று காட்ட முடிந்தால், ஓராண்டுக்குள் பல தடவைகளில், பல கடைகளில் எடுத்தவற்றையும் ஒன்றாகக் கூட்டிக் கணக்கிடலாம். விலைச்சீட்டை மாற்றி ஒட்டுவதும், உள்ள விலையைவிடக் குறைத்துப் பதிவதும் இதே பிரிவில்தான் வருகின்றன. இவருடைய பையில் கணக்கில் வராதவை என்று கடை காட்டிய தொகை சுமார் 340 டாலர். நாற்பது டாலர் வித்தியாசம் ஒருவரைச் சிறுகுற்றத்திலிருந்து பெருங்குற்றத்துக்குத் தூக்கிச் சென்றது.

அந்த நாற்பது டாலருக்குப் பின்னால் ஒரு தேர்தல் வரலாறும் இருக்கிறது. இந்தச் சேவையைப் புரிந்துகொள்ள அதைத் தெரிந்துகொள்வது அவசியம். குக் கவுண்டியில் ஒருவர்மீது ஃபெலனி குற்றச்சாட்டு வைப்பதா என்பதைப் பெரும்பாலான வகை வழக்குகளில் காவல்துறை தானாக முடிவு செய்ய முடியாது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைமை அரசு வழக்கறிஞரான ஸ்டேட்ஸ் அட்டர்னியின் அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அதன் ஒப்புதல் வேண்டும். 2016 டிசம்பரில் அந்தப் பதவிக்கு வந்த கிம் ஃபாக்ஸ், 1,000 டாலருக்குக் குறைந்த கடைத்திருட்டை, பழைய பெருங்குற்றத் தீர்ப்புகள் நிறைய உள்ளவர்களைத் தவிர மற்றவர்கள்மீது, சிறுகுற்றமாகவே பதிவது என்று தம் அலுவலகத்துக்கு விதி வகுத்தார். 2024 டிசம்பரில் அவருக்குப் பின் வந்த எய்லீன் ஓ'நீல் பர்க், சட்டத்தில் எழுதியிருக்கிற 300 டாலர் என்ற எல்லைக்கே திரும்பினார். சட்டப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் 2024 நவம்பரில் சிறுகுற்றமாகப் பதிவாகியிருக்கக்கூடிய அதே செயல், சில வாரங்கள் கழித்து பெருங்குற்றமாகப் பதிவானது. ‘போன தடவை இன்னாருடைய பையனை எச்சரித்து அனுப்பிவிட்டார்களே’ என்று நம் வீடுகளில் பழைய கதைகளை நம்பிப் பேசுகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

காவல் நிலையத்தில் அந்த இரவில் நடந்தது நீதிமன்றச் சேவையில் அடங்காது என்றாலும், பின்னால் வந்த எல்லாவற்றையும் அதுவே தீர்மானித்திருக்கும். பேசாமல் இருக்கும் உரிமையும் வழக்கறிஞரைக் கேட்கும் உரிமையும் உண்டு என்று 1966-ஆம் ஆண்டின் மிராண்டா தீர்ப்பு கட்டாயமாக்கிய எச்சரிக்கையை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகும் அவர் பேசினார். பெரியவர்கள் முன்னால் தவறு செய்து பிடிபட்டால், காரணம் சொல்லாமல் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். அவரும் அதையே செய்தார். நம்மிடையே மன்னிப்பு என்பது உறவைச் சீராக்கும் சொல். அங்கே அது கையெழுத்தோடு கோப்பில் ஏறும் ஒப்புதல் வாக்குமூலம். மன்னிப்புக் கேட்கும் பண்பை நான் குறை சொல்லவில்லை. அதைக் கேட்க வேண்டிய இடமும் வேளையும் வழக்கறிஞர் வந்த பிறகுதான் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவைக்க வேண்டும் என்கிறேன்.

கைதானவரை முதன்முதலாக நீதிபதி முன் நிறுத்தும் முதல் முன்னிலைப்படுத்தலில் இந்த நீதிமன்றத்துக்கு நான் தயங்காமல் முழு மதிப்பெண் கொடுப்பேன். 2023 செப்டம்பர் 18 முதல் இல்லினாய் மாநிலத்தில் பணம் கட்டி ஜாமீன் பெறும் முறையே இல்லை. அமெரிக்காவில் அதை முழுவதுமாக ஒழித்த முதல் மாநிலம் இதுதான். அதற்கு முன்பு நீதிபதி ஒரு தொகையை விதிப்பார், அதில் பத்தில் ஒரு பங்கைக் கட்டினால்தான் வெளியே வரலாம், கட்ட இயலாத ஏழை அதே குற்றச்சாட்டோடு உள்ளேயே கிடப்பார் என்பது நடைமுறையாக இருந்தது. இப்போது இத்தகைய வழக்குகளில், ஒருவரைத் தடுத்து வைக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு மனுச் செய்து, உரிய காரணத்தை மெய்ப்பித்தால் ஒழிய, நிபந்தனைகளோடு வெளியே விடுவதே விதி. வாய்தா தவறாமல் வர வேண்டும், புதிய குற்றம் எதிலும் ஈடுபடக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகளை நீதிபதி நிதானமாகப் படித்துக் காட்டினார். சில நிமிடங்களில் முடிந்தது. திருச்சியில் அவருடைய அப்பா, நிலத்தை அடகு வைக்கலாமா என்று அதற்குள் யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வழக்கறிஞர் விஷயத்துக்கு வருகிறேன். ஃபெலனி வழக்கில் வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே ஒருவரை அமர்த்த வேண்டும் என்பது 1963-ஆம் ஆண்டின் கிடியன் தீர்ப்புக்குப் பிறகு நாடு முழுவதற்குமான விதி. குக் கவுண்டியில் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகம் அதற்கும் முன்பே, 1930-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. இலவசமாகக் கிடைப்பது மட்டமாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடு போனவள் நான். பெஞ்சில் உட்கார்ந்து கவனித்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். அந்த வழக்கறிஞர்கள் நாள்தோறும் அதே நீதிபதியின் முன், அதே அரசு வழக்கறிஞர்களோடு நிற்கிறவர்கள். எந்த நீதிபதி எதற்கு இணங்குவார், எந்த வழக்கை எந்தத் திட்டத்துக்கு அனுப்பலாம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். குடியேற்றச் சட்டத்துக்கென்று அந்த அலுவலகத்துக்குள்ளேயே தனிப் பிரிவும் இருக்கிறது. அவர்களிடம் குறைவது நேரம் ஒன்றுதான். வராண்டாவில் ஒரு கையில் கோப்புக் கட்டும், மறு கையில் பேனாவுமாக, நின்றபடியே ஒருவரிடம் அவருடைய வாழ்க்கையைப் பற்றி அவர்கள் பேசுவதை எத்தனையோ முறை பார்த்தேன். சம்பளம் வாங்கும் ஒருவருக்கு இந்தச் சேவை கிடைப்பது அரிது என்பதால், நாங்கள் தனியார் வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தினோம். அவருடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை.

நீதிமன்ற அறையின் அன்றாட ஓட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சுமார் 400 நீதிபதிகளைக் கொண்ட இந்த நீதிமன்ற அமைப்பின் குற்றவியல் தலைமையிடம், சிகாகோவில் 26-ஆவது தெருவும் கலிபோர்னியா அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் 1929-இல் கட்டப்பட்ட பெரிய கட்டடம். புறநகர்களில் எழும் வழக்குகளை ஸ்கோக்கி, ரோலிங் மெடோஸ், மேவுட், பிரிட்ஜ்வியூ, மார்க்கம் ஆகிய ஊர்களின் கிளை நீதிமன்றங்கள் கவனித்துக்கொள்கின்றன. எல்லாருக்கும் ஒரே நேரம் கொடுக்கப்பட்டிருக்கும். பட்டியலில் பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டும். பெயர் வந்தபின் நடப்பது பெரும்பாலும் அடுத்த வாய்தா குறிப்பதுதான். அதைப் பார்த்து நாங்கள் முதலில் சோர்ந்துபோனோம். காவலில் உள்ளவரை 120 நாளுக்குள்ளும், வெளியே உள்ளவர் விரைவான விசாரணை வேண்டுமென்று கேட்டால் கேட்ட நாளிலிருந்து 160 நாளுக்குள்ளும் விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வாங்கும் வாய்தாக்கள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. தாமதம் எப்போதும் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, பகை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வழக்கில் தாமதம்தான் காப்பாற்றியது.

பெருங்குற்றச்சாட்டு விசாரணைக்குப் போவதற்குமுன் அதில் முகாந்திரம் உண்டா என்று பார்க்க ஒரு வடிகட்டி இருக்கிறது. ஒன்று, நீதிபதி முன் நடக்கும் பூர்வாங்க விசாரணை. காவலில் உள்ளவருக்கு 30 நாள், வெளியே உள்ளவருக்கு 60 நாள் அதற்குக் கெடு. இல்லையென்றால் 16 குடிமக்கள் அடங்கிய கிராண்ட் ஜூரி. அதில் 9 பேர் இசைந்தால் குற்றப்பத்திரிகை. கிராண்ட் ஜூரி மூடிய கதவுக்குள் அரசுத் தரப்பை மட்டுமே கேட்பதால் அதைப் பற்றிப் பார்வையாளராக நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஊரில் எல்லாரும் கேட்ட கேள்வி, ‘கேஸ் எப்போது நடக்கும்?’ என்பது. சாட்சிக் கூண்டு, குறுக்கு விசாரணை, பன்னிரண்டு ஜூரர்கள் என்று எதையோ மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். உண்மை என்னவென்றால், பெரும்பாலான வழக்குகள் அப்படி நடப்பதே இல்லை. மாநில நீதிமன்றங்களில் குற்றவாளி என்று முடியும் வழக்குகளில் 94 விழுக்காடு, எதிரி தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டதால் முடிந்தவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2012-இல் ஒரு தீர்ப்பில் எழுதியது. ஆகவே வழக்கின் முடிவு விசாரணையில் உருவாவதில்லை. இரு தரப்பு வழக்கறிஞர்களும் நீதிபதியின் மேசைக்கு ஓரமாகவோ அவருடைய அறையிலோ நின்று பேசுகிற சில நிமிடங்களில் உருவாகிறது. இல்லினாயில் நீதிபதியே அந்தப் பேச்சில் கலந்துகொண்டு, ஒப்புக்கொண்டால் இன்ன தண்டனை தருவேன் என்று சொல்லவும் விதி 402 இடம் கொடுக்கிறது. எதிரியின் சம்மதத்தோடு நடக்கும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பதில் ஒரு கண்ணியம் இருக்கிறது. ஜூரி வேண்டாம், நீதிபதியே தனியாகக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும் என்று தேர்ந்தெடுக்கும் வழியும் உண்டு. குக் கவுண்டியில் அதைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இனிச் சொல்லப்போவதற்காகவே இந்த மதிப்புரையை எழுதத் தொடங்கினேன். மூன்றாவது வாய்தாவில் எங்கள் வழக்கறிஞர் புன்னகையோடு வந்து, ‘செகண்ட் சான்ஸ் புரொபேஷன்’ வாங்கிவிட்டதாகச் சொன்னார். 2014 முதல் நடைமுறையில் உள்ள இந்த ஏற்பாடு, முன்பு பெருங்குற்றத் தீர்ப்பு எதுவும் இல்லாதவருக்கானது. குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நீதிபதி குற்றவாளி என்ற தீர்ப்பை எழுதாமல் நிறுத்திவைப்பார். குறைந்தது 24 மாதக் கண்காணிப்பு, இழப்பீடு, 30 மணி நேரச் சமூகப் பணி ஆகியவற்றை ஒழுங்காக முடித்தால் குற்றச்சாட்டு தள்ளுபடியாகும். மாநிலச் சட்டத்தின் கண்ணில் அவர் தண்டிக்கப்பட்டவர் அல்லர். சிறை இல்லை, ஃபெலனி முத்திரை இல்லை, வேலைக்கும் பாதகமில்லை என்று வழக்கறிஞர் சொன்னபோது, நான் அந்த வராண்டாவிலேயே திருச்சிக்கு போன் செய்து, “பிழைத்தோம் அண்ணி” என்று சொன்னேன். அதைச் சொன்ன என் குரலை இப்போது நினைத்தாலும் அடிவயிறு கலங்குகிறது.

மத்திய அரசின் குடியேற்றச் சட்டத்தில் ‘தண்டனைத் தீர்ப்பு’ என்ற சொல்லுக்கு 1996-இல் ஒரு தனிப் பொருள் வரையறுக்கப்பட்டது. ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தாலோ, குற்றம் நிரூபணமாகப் போதுமான செய்திகளை ஒத்துக்கொண்டிருந்தாலோ, அதன்மேல் நீதிபதி ஏதேனும் ஒரு தண்டனையையோ கட்டுப்பாட்டையோ விதித்திருந்தால், மாநில நீதிமன்றம் தீர்ப்பெழுதாமல் நிறுத்திவைத்திருந்தாலும் அது தண்டனைத் தீர்ப்புதான். பின்னால் தள்ளுபடியானாலும் அழியாது. திருட்டைக் குடியேற்றச் சட்டம் பொதுவாக ஒழுக்கக்கேடான குற்றம் என்ற வகையில் வைத்துப் பார்க்கிறது. நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்குள் அத்தகைய குற்றத்தைச் செய்து, அதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கச் சட்டத்தில் இடமிருந்தால், அந்த ஒரே தீர்ப்பு வெளியேற்றத்துக்குப் போதுமான காரணம். உண்மையில் எத்தனை நாள் சிறையில் இருந்தார் என்பதைச் சட்டம் கேட்பதில்லை; எத்தனை ஆண்டு விதித்திருக்க முடியும் என்பதைத்தான் கேட்கிறது. இல்லினாயின் ‘கிளாஸ் ஏ’ சிறுகுற்றம் ஓராண்டுக்குக் குறைவாகவே நின்றுவிடுவதால் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. ‘கிளாஸ் 3’ ஃபெலனி அந்தப் பக்கம் இருக்கிறது. எங்கள் இளைஞர் இந்நாட்டுக்கு வந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன.

வழக்கறிஞருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட எதிர்பார்ப்பு அல்ல, அரசியல் சாசனக் கடமை. அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தவரும் வியட்நாம் போரில் அமெரிக்காவுக்காகப் பணியாற்றியவருமான ஹோசே பாடில்லா என்பவர், ‘இவ்வளவு காலம் இங்கே இருக்கிறீர்கள், குடியேற்ற நிலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்’ என்று தம் வழக்கறிஞர் சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, வெளியேற்றத்தின் வாசலில் போய் நின்றார். அவருடைய வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், ஒப்புதல் தருவதால் குடியேற்ற நிலைக்கு என்ன நேரும் என்று கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று தீர்ப்பளித்தது. எங்கள் வழக்கறிஞர் மூன்று வாய்தாவிலும் ஒருமுறைகூட ‘நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள்?’ என்று கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. உச்சரிப்பையும் பெயரையும் பார்த்து அவருக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். இது அவருடைய தவறு. கேட்காமலே சொல்லியிருக்க வேண்டியது எங்களுடைய பாடம்.

நீதிமன்றம் இதில் என்ன செய்கிறது என்று கேட்டால், செய்கிறது, ஆனால் மிகவும் பிந்திச் செய்கிறது. ஒப்புதலை ஏற்றுக்கொள்வதற்கு முன், நீங்கள் குடிமகன் அல்லர் என்றால் இந்தத் தீர்ப்பினால் வெளியேற்றம், மறுநுழைவு மறுப்பு, குடியுரிமை மறுப்பு ஆகியவை நேரலாம் என்று நீதிபதி எச்சரிக்க வேண்டுமென இல்லினாய்ச் சட்டம் சொல்கிறது. எங்களுக்கு முன் அழைக்கப்பட்ட ஒருவருக்கு நீதிபதி அதை வாசித்ததை நான் கேட்டேன். அதுதான் எங்களை விழிக்க வைத்தது. ஆனால் வாசிக்கப்பட்டவருக்கு அது என்ன செய்தது? பேரம் முடிந்து, தாள்கள் தயாராகி, வழக்கறிஞர் பக்கத்தில் நிற்க, ஒன்றன்பின் ஒன்றாக வரும் கேள்விகளுக்கெல்லாம் ‘ஆம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிற மனிதர், அந்த ஒரு கேள்வியில் மட்டும் நின்று யோசிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. அந்த எச்சரிக்கை முதல் முன்னிலைப்படுத்தலிலேயே, வழக்கறிஞரோடு பேசத் தொடங்குவதற்கு முன்பே தரப்பட வேண்டும். இந்தச் சேவையில் நான் கேட்கும் திருத்தங்களில் முதலாவது இதுதான். இதற்குச் செலவும் இல்லை.

நாங்கள் அன்று ஒப்புதல் தராமல் வாய்தா வாங்கினோம். குற்றவியலோடு குடியேற்றச் சட்டமும் தெரிந்த இன்னொரு வழக்கறிஞரிடம் போனோம். அவர் கோப்பைத் திறக்கும் முன் கேட்ட முதல் கேள்வி விசாவைப் பற்றியது. பிறகு அவர் விளக்கியதைக் கேட்டபோதுதான், வெளியிலிருந்து பார்க்க இரட்டைப் பிள்ளைகள்போல் தெரிகிற இரண்டு திட்டங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்பது புரிந்தது. இல்லினாய்ச் சட்டத்தில் ‘அஃபெண்டர் இனிஷியேட்டிவ் புரோகிராம்’ என்ற இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. அதில் இரு தரப்பும் பூர்வாங்க விசாரணையை விட்டுக்கொடுத்தபின், வழக்கு அப்படியே நிறுத்திவைக்கப்படுகிறது. எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. குறைந்தது 12 மாதம் நிபந்தனைகளைக் கடைப்பிடித்தால் வழக்கு தள்ளுபடியாகும். தவறினால் நின்ற இடத்திலிருந்து வழக்கு மறுபடி தொடங்கும். 2011-இல் குக் கவுண்டியின் ஸ்டேட்ஸ் அட்டர்னி அலுவலகம் தொடங்கிய ஒத்திவைப்புத் திட்டமும் முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக இதே எண்ணத்தில் பிறந்ததுதான். ஒப்புதல் இல்லை என்பதால், குடியேற்றச் சட்டத்தின் வரையறை பற்றிக்கொள்ள அங்கே பிடி இல்லை. அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: திட்டத்தில் சேரும்போது நடந்ததை விவரித்து எழுதித் தரும் தாள் எதிலாவது கையெழுத்திட்டால், அதுவே ‘போதுமான செய்திகளை ஒத்துக்கொண்டது’ ஆகிவிடக்கூடும். ஆகவே புதிய வழக்கறிஞர் ஒவ்வொரு தாளையும் வரி வரியாகப் படித்தார். அரசுத் தரப்பு உடனே இணங்கவில்லை. இரண்டு வாய்தா ஆயின. அந்த அரசு வழக்கறிஞர் இளம் வயதுப் பெண். குடியேற்ற விளைவைக் கேட்டுக்கொண்டு, தம் மேலதிகாரியிடம் பேசிவிட்டு வந்து இணங்கினார். அவருக்கு நாங்கள் நன்றிக்கடன்பட்டவர்கள்.

திட்டத்தின் ஓராண்டைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. இழப்பீட்டுத் தொகை கட்டியாகிவிட்டது. சமூகப் பணியை ஏழைகளுக்கு உணவுப் பொருள் வழங்கும் ஓர் இடத்தில் செய்தார். பணி நேரம் முடிந்த பிறகும் இன்றுவரை சனிக்கிழமைகளில் அங்கே போய்வருகிறார். இடையில் கடையின் சார்பாக ஒரு வழக்கறிஞர் நிறுவனத்திலிருந்து பணம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. கடைத்திருட்டில் பொருளின் விலையோடு 100 முதல் 1,000 டாலர் வரை உரிமையியல் இழப்பீடு கேட்கக் கடைக்கு இல்லினாய்ச் சட்டம் உரிமை தருகிறது. அந்தத் தொகையைக் கட்டினால் வழக்கு முடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தனி, குற்றவழக்கு தனி. கட்டுவதா வேண்டாமா என்பதையும், கட்டினால் எந்தச் சொற்களோடு கட்டுவது என்பதையும் வழக்கறிஞரைக் கேட்டே செய்ய வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் வசதியையும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் போதாதவருக்குக் குற்றவழக்கில் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றித் தரும் பொறுப்பு நீதிமன்றத்துடையது. ஸ்பானிஷ், போலிஷ் போல அல்லாமல், தமிழுக்கு ஆள் வர நாளாகும் என்பதால் முந்தைய வாய்தாவிலேயே கேட்டுவைக்க வேண்டும். அலுவலகத்தில் ஆங்கிலம் பேசுகிறவரும் கூச்சப்படாமல் கேட்கலாம். ஒருவர் பேசும்போது ‘சரி, சரி’ என்று தலையசைத்துக் கேட்பது நமக்கு மரியாதை. நீதிபதி முன்னால் அந்த ‘சரி’, புரிந்தது, சம்மதம் என்று சுருக்கெழுத்தில் பதிவாகிறது.

தள்ளுபடியான அன்று செய்ய வேண்டிய வேலை ஒன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். கிளார்க் அலுவலகத்துக்குப் போய், வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கான சான்றிட்ட நகல்கள் சிலவற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். தள்ளுபடியான வழக்கின் பதிவுகளை அழிக்க மனுச் செய்ய இங்கே உரிமை உண்டு. ஆனால் அழித்தபின் நகல் கிடைப்பது கடினம். கிரீன் கார்டுக்கும் குடியுரிமைக்குமான விண்ணப்பங்களோ, அழிக்கப்பட்ட கைதையும் சேர்த்துத்தான் கேட்கின்றன. ‘இல்லை’ என்று எழுதினால் அது திருட்டைவிடப் பெரிய பிழையாகிவிடும். ஆகவே முதலில் நகல், பிறகுதான் மனு. வழக்கு தள்ளுபடியானாலும் விசா அதிகாரிக்கு அது கட்டளையாகாது. திருட்டு, தாக்குதல் போன்ற செயல்களால் விசா ரத்தாகலாம், மறுபடி கிடைக்காமலும் போகலாம் என்று இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் 2025 ஜூலையில் வெளிப்படையாகவே எச்சரித்தது. கைது ஒன்றே விசாவை ரத்துசெய்யப் போதுமானதாகலாம்.

இந்த அமைப்பின் கையில் ஒருவர் சிக்க நேர்ந்தால் என் பரிந்துரை: முதல் முன்னிலைப்படுத்தலையும், பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தையும், ஒப்புதல் கேட்காத ஒத்திவைப்புத் திட்டத்தையும் நம்பலாம். ஒப்புதல் கேட்கும் எந்தச் சலுகையையும், அது எவ்வளவு இனிப்பான பெயரோடு வந்தாலும், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவர் எழுத்தில் பார்க்காமல் ஏற்க வேண்டாம். அவருக்கான கட்டணம் எங்களுக்கு முதல் வழக்கறிஞருக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. நான் சட்டம் படித்தவள் அல்லள். ஒவ்வொருவர் வழக்கும் வேறு. ஆனால் ‘இதனால் விசாவுக்கு என்ன ஆகும்?’ என்ற இந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்பதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

கடைசி வாய்தாவில் நீதிபதி கோப்பைப் பார்த்து, நிபந்தனைகள் யாவும் நிறைவேறியதாகச் சொல்லி, வழக்கு தள்ளுபடி என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து கிளார்க் அலுவலகத்து வரிசையில் நின்றோம். “எத்தனை நகல் வாங்கணும், அத்தை?” என்று கேட்டார். ஐந்து என்றேன். அவருடைய தங்கையின் திருமணம் அடுத்த மாதம் திருச்சியில் நடக்கிறது. வெளியே போனால் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புது விசா முத்திரை வாங்கித்தான் திரும்பி வர முடியும் என்பதால், வழக்கறிஞரின் யோசனைப்படி அவர் இம்முறை போகவில்லை; முகூர்த்தத்தை இங்கிருந்து போனில்தான் பார்க்கப்போகிறார்.